லினக்ஸ் லேப்டாப்புக்கு டாக் வாங்கும் முன்...

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் துறை)



சென்ற ஆண்டு நமது சங்க விழாவில் 'சூப்பர்டக்ஸ்கார்ட்' கார் பந்தயப் போட்டி நடந்தது நினைவிருக்கும். முதல் சுற்றிலேயே வெளியே போன ஆள் நான்தான். ஒவ்வொரு வளைவிலும் என் கார் போய்ச் சுவரில் முட்டியது. "ஓட்டத் தெரியாதவனுக்கு எதுக்குடா கார்?" என்று பின்னாடி நின்றவர்கள் சிரித்தார்கள். உண்மையில் நான் விசையைச் சரியான நேரத்தில்தான் அழுத்தினேன். திரைதான் தாமதமாகத் திரும்பியது. இதை அன்றைக்குச் சொல்லியிருந்தால் இன்னும் அதிகமாகச் சிரித்திருப்பார்கள். எனவே ஒரு வருடம் பொறுத்திருந்து, காரணத்தைக் கண்டுபிடித்து, இங்கே எழுதுகிறேன்.

தோற்றதைவிட எனக்கு வலித்தது வேறு ஒன்று. அந்தப் போட்டிக்காகவே நான் ஒரு டாக்கிங் ஸ்டேஷன் வாங்கியிருந்தேன். விலை 4,200 ரூபாய். அம்மா மகளிர் குழுவில் எடுத்துக் கொடுத்த கடன் அது. வாரம் 150 ரூபாய் கட்ட வேண்டும். எங்கள் வீடு பள்ளிபாளையம் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், அம்மா தார் சுற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோன அன்று அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன வேலை செய்யும் கண்ணு?" என்று கேட்டார். "எல்லா வயரும் இதுல மாட்டலாம்பா" என்றேன். "அதுக்கு நாலாயிரமா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் வாங்கிய பொருள் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை.

டாக் என்றால் என்ன?

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. லேப்டாப்பின் ஒரே ஒரு டைப்-சி துளையில் ஒரே ஒரு கேபிளைச் செருகினால் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், நெட்வொர்க் கேபிள், சார்ஜர் எல்லாம் ஒரே நேரத்தில் இணைந்துவிடும். அதுதான் டாக். ரூமுக்கு வந்ததும் செருகினால் டெஸ்க்டாப்; உருவினால் லேப்டாப். கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது!

என்னுடையது எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜி.பி. மெமரி கொண்ட பழைய ஆபீஸ் லேப்டாப். யாரோ உபயோகித்து விற்றதை வாங்கியது. அதில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். காசு கிடையாது, பழைய மெஷினிலும் ஓடுகிறது. லினக்ஸில் விளையாட்டா என்று கேட்பவர்களுக்கு: 2018-ல் வால்வ் நிறுவனம் 'புரோட்டான்' என்ற மென்பொருளை வெளியிட்ட பிறகு, விண்டோஸுக்கு எழுதிய விளையாட்டுகளில் பெரும்பகுதி லினக்ஸிலும் ஓடுகிறது. 2022-ல் அதே நிறுவனம் விற்க ஆரம்பித்த 'ஸ்டீம் டெக்' என்ற கையடக்கக் கருவியே லினக்ஸில்தான் இயங்குகிறது. ஆனால் வேலொரன்ட், ஃபோர்ட்நைட் போன்றவை அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் காரணமாக லினக்ஸில் ஓடாது. எந்த டாக் வாங்கினாலும் ஓடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் தேடி வராதீர்கள்!

தாமதம் எங்கே?

போட்டி முடிந்த வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா தறியில் நாடா ஒரு பக்கப் பெட்டியிலிருந்து இன்னொரு பக்கப் பெட்டிக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாடா நேரத்துக்குப் பெட்டிக்குள் வந்து சேரவில்லை என்றால் தறி தானாகவே நின்றுவிடும். அப்படி நின்றால் அப்பா உடனே மோட்டாரைக் கழற்றமாட்டார். முதலில் நாடா, அப்புறம் பெட்டி, அப்புறம் பெல்ட் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். "ரெண்ட ஒண்ணா மாத்துனா எது கோளாறுன்னு தெரியாது கண்ணு" என்பார். நம் லேபில் சார் சொல்வதும் இதையேதான், ஆனால் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

திரையும் ஒரு தறி மாதிரிதான். சாதாரண மானிட்டர் ஒரு விநாடிக்கு 60 முறை படத்தை மாற்றுகிறது. அதாவது ஒரு படத்துக்கு 16.7 மில்லி விநாடி. அதற்குள் அடுத்த படம் வந்து சேரவில்லை என்றால், தறி நிற்கிற மாதிரி திரை நிற்காது. பழைய படத்தையே இன்னொரு முறை காட்டும். அதைத்தான் நாம் 'லேக்' என்கிறோம். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் கெடு இன்னும் குறைவு, 6.9 மில்லி விநாடிதான்.

அப்பா முறையிலேயே சோதித்தேன். டாக்கை உருவிவிட்டு, அதே மானிட்டரை லேப்டாப்பின் எச்.டி.எம்.ஐ. துளையில் நேராக மாட்டினேன். மற்ற எதையும் மாற்றவில்லை. கார் வெண்ணெய் மாதிரி ஓடியது! ஆக லேப்டாப் குற்றவாளி இல்லை, மானிட்டரும் இல்லை, என் கையும் இல்லை.

கண்ணுக்குத் தெரிந்தால் போதாது, அளக்க வேண்டும் அல்லவா? அறைத்தோழனின் போனில் ஸ்லோமோஷன் வீடியோ விநாடிக்கு 240 படம் எடுக்கும். விசையை அழுத்தும் விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி வைத்து எடுத்தோம். விரல் இறங்கியதிலிருந்து கார் அசையும் வரை எத்தனை படம் என்று எண்ணினோம். நேரடி எச்.டி.எம்.ஐ.யில் 20 படம், அதாவது சுமார் 83 மில்லி விநாடி. டாக் வழியாக 37 படம், சுமார் 154 மில்லி விநாடி. பத்து முறை எடுத்துச் சராசரி பார்த்தோம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. இரண்டு டீ, அவ்வளவுதான். டாக் வாங்கும் எவரும் கடையின் மாற்றித்தரும் தேதி முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும். எனக்கு அந்தத் தேதி முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. விளையாட்டின் மூலையில் ஓடும் எஃப்.பி.எஸ். கணக்கு, டாக் மாட்டியிருந்தபோதும் 50-க்கு மேலேயே காட்டிக்கொண்டிருந்தது! அந்தக் கணக்கு கிராஃபிக்ஸ் பகுதி எத்தனை படம் தயாரித்தது என்று மட்டுமே சொல்லும். அதில் எத்தனை திரைக்குப் போய்ச் சேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. தறியில் எத்தனை மீட்டர் ஓடியது என்பது வேறு, மடித்துக் கட்டியது எத்தனை மீட்டர் என்பது வேறு.

படம் போகும் மூன்று வழிகள்

இனி விஷயத்துக்கு வருவோம். கடையில் எல்லா டாக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். சாம்பல் நிறப் பெட்டி, வரிசையாகத் துளைகள், ஒரு கேபிள். ஆனால் உள்ளே படம் போகும் வழி மூன்று விதம்.

முதல் வழி, யு.எஸ்.பி. கிராஃபிக்ஸ். இங்கே படம் ஒரு சாதாரண டேட்டா மாதிரி, பென் டிரைவுக்குக் கோப்பு போவது போல யு.எஸ்.பி. வழியாகப் போகிறது. ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 1920 x 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட். ஒரு படத்துக்கு ஏறத்தாழ 5 கோடி பிட். விநாடிக்கு 60 படம் என்றால் சுமார் 300 கோடி பிட், அதாவது 3 ஜிகாபிட். யு.எஸ்.பி. 3.0-ன் பெயரளவு வேகமே 5 ஜிகாபிட். அதிலும் குறியீட்டுச் செலவு போக 4 தான் மிச்சம். மவுஸ், நெட்வொர்க், இரண்டாவது மானிட்டர் எல்லாம் அதற்குள்ளேயே பங்கு கேட்கும். எனவே படத்தை அப்படியே அனுப்ப முடியாது, சுருக்கித்தான் அனுப்ப வேண்டும்.

சுருக்குவது யார்? நம் லேப்டாப்பின் பிராசசர்தான்! கிராஃபிக்ஸ் பகுதி வரைந்த படத்தை மெமரிக்கு எடுத்து, பிராசசர் அதைச் சுருக்கி, யு.எஸ்.பி.யில் அனுப்பி, டாக்கின் உள்ளே இருக்கும் சிப் அதை விரித்து, பிறகு மானிட்டருக்குக் கொடுக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் இத்தனை கை மாற வேண்டும். வேர்டு கோப்பில் தட்டச்சு செய்யும்போது மாறுவது ஒரு மூலை மட்டும் என்பதால் அது சுலபம். விளையாட்டில் முழுத்திரையும் ஒவ்வொரு படத்திலும் மாறுகிறது. தவிர, என்னுடையது போன்ற மெல்லிய லேப்டாப்பில் பிராசசரும் கிராஃபிக்ஸும் ஒரே சிப்பில், 15 வாட் அளவிலான ஒரே மின்சாரப் பங்கில் வாழ்கின்றன. பிராசசர் சுருக்கும் வேலைக்கு அதில் அதிகம் எடுத்துக்கொண்டால் கிராஃபிக்ஸுக்குக் குறையும். ஒரே தட்டுச் சோற்றில் இரண்டு பேர். இப்படித்தான் என் கார் சுவரில் முட்டியது.

இந்த வகையில் அதிகம் புழங்குவது டிஸ்ப்ளேலிங்க் தொழில்நுட்பம். 2020-ல் அந்த நிறுவனத்தை சினாப்டிக்ஸ் வாங்கியது. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஒரு லேப்டாப்பில் இரண்டு மூன்று மானிட்டர் மாட்டி ஆபீஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இது நல்ல பொருள். டைப்-சி துளையில் படம் வராத பழைய லேப்டாப்பிலும் வேலை செய்யும் என்பது பெரிய வசதி. ஆனால் லினக்ஸ்காரர்கள் கவனிக்க வேண்டியது, இதன் டிரைவர் கெர்னலோடு கூடவே வருவதில்லை. தனியே இறக்கி நிறுவ வேண்டும். அதில் 'ஈவிடிஐ' என்ற பகுதி திறந்த மூலம், மற்றொரு பகுதி மூடிய மென்பொருள். கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஈவிடிஐ புதிய கெர்னலுக்கு ஏற்ப மறுபடி கட்டப்பட வேண்டும். பெரும்பாலும் தானாக நடக்கும். நடக்காத அன்று காலையில் மானிட்டர் கருப்பாக இருக்கும், அன்றைக்கு நமக்கு மாடல் எக்ஸாம் இருக்கும். 'செக்யூர் பூட்' போட்டிருந்தால் அந்த மாட்யூலுக்குக் கையொப்பச் சாவி வேறு பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் வழி, டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு. இதுதான் நமக்கு வேண்டியது. டைப்-சி கேபிளுக்குள் அதிவேகப் பாதைகள் நான்கு உண்டு. நம் சேலம்-கோவை நான்கு வழிச்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆல்ட் மோடில், கிராஃபிக்ஸ் பகுதியிலிருந்து வரும் டிஸ்ப்ளேபோர்ட் சிக்னல் அந்தப் பாதைகளில் நேரடியாகவே ஓடுகிறது. சுருக்குவது இல்லை, பிராசசருக்கு வேலை இல்லை. டாக் அதை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றித் தரும், அவ்வளவே. லினக்ஸ் கெர்னலுக்கு இது டாக் என்றே தெரியாது. சாதாரண மானிட்டர் ஒன்று மாட்டப்பட்டதாக நினைத்துக்கொள்ளும். டிரைவரும் வேண்டாம், நிறுவலும் வேண்டாம்.

ஆனால் நான்கு பாதையையும் படமே எடுத்துக்கொண்டால் யு.எஸ்.பி.க்கு மிஞ்சுவது பழைய 2.0 வேகம், 480 மெகாபிட். ஆகவே பல டாக்குகள் இரண்டு பாதையைப் படத்துக்கும் இரண்டு பாதையை யு.எஸ்.பி.க்கும் பிரித்துவிடுகின்றன. டிஸ்ப்ளேபோர்ட் 1.2-ல் ஒரு பாதைக்கு 5.4 ஜிகாபிட்; இரண்டு பாதைக்கு, குறியீட்டுச் செலவு போக, 8.64 ஜிகாபிட். 1080 திரைக்கு 60 ஹெர்ட்ஸ் என்றால் தாராளம். 144 ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 8 ஜிகாபிட் வேண்டும், நெருக்கிப் பிடித்து உட்காரலாம். 4கே திரைக்கு 60 ஹெர்ட்ஸ் என்றால் 12.5 ஜிகாபிட், உட்கார இடமே இல்லை! அதனால்தான் பல மலிவு டாக்குகளின் பெட்டியில் '4கே' என்று பெரிதாகவும், '30 ஹெர்ட்ஸ்' என்று எறும்பு எழுத்திலும் போட்டிருக்கும். 30 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு படத்துக்கு 33 மில்லி விநாடி. மவுஸ் அம்புக்குறியே தாவித் தாவிப் போகும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4-ல் ஒரு பாதைக்கு 8.1 ஜிகாபிட் என்பதால் இரண்டு பாதையிலேயே 12.96 கிடைக்கும், 4கே 60 அதில் அடங்கிவிடும். ஆனால் லேப்டாப், டாக் இரண்டும் 1.4 ஆக இருந்தால்தான். பழைய லேப்டாப்புக்குப் புதிய டாக் வாங்கினால் பழைய வேகம்தான்.

மூன்றாம் வழி தண்டர்போல்ட் 3, 4, அதன் உறவினரான யு.எஸ்.பி.4. தண்டர்போல்ட் 3, 4-ன் வேகம் 40 ஜிகாபிட் வரை. படமும் டேட்டாவும் ஒரே குழாயில் தனித்தனிப் பொட்டலங்களாகப் போனாலும் படத்துக்கு எனத் தனி ஒதுக்கீடு உண்டு. சுருக்கும் வேலை இல்லாததால் தாமதமும் இல்லை. லினக்ஸ் கெர்னல் 2017-லிருந்து தண்டர்போல்ட் கருவிகளுக்கு அனுமதி கொடுக்கும் பாதுகாப்பு முறையை ஆதரிக்கிறது. சில லேப்டாப்களில் முதன்முறை செருகும்போது நாம் அனுமதித்தால்தான் டாக்கின் எல்லாத் துளைகளும் விழிக்கும். 'போல்ட்' என்ற சிறு மென்பொருள் அதைப் பார்த்துக்கொள்ளும். பலர் இது தெரியாமல் "டாக் செத்துப்போச்சு" என்று திருப்பிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். மற்றபடி விலைதான் பிரச்சினை. புதிதாக வாங்கும் வசதி நம்மில் யாருக்கும் இருக்காது. ஆபீஸ்கள் கழித்துப்போடும் பழைய தண்டர்போல்ட் டாக் கிடைத்தால், லேப்டாப்பில் அந்த மின்னல் சின்னம் இருந்தால், யோசிக்காமல் வாங்குங்கள். டெல், லெனோவோ டாக்குகள் பலவற்றுக்கு லினக்ஸிலிருந்தே ஃபர்ம்வேர் புதுப்பிக்க முடியும்; 'எஃப்டபிள்யு-அப்-டி' என்ற மென்பொருள் அதைச் செய்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. மானிட்டர் விட்டு விட்டு அணைவது போன்ற கோளாறுகள் ஃபர்ம்வேரில் சரியாவது உண்டு.

டாக்கை அல்ல, துளையைப் பார்!

நான் செய்த தவறு டாக்கைப் பார்த்து வாங்கியது. முதலில் பார்க்க வேண்டியது என் லேப்டாப்பின் துளையை. டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டுமே. உள்ளே படம் வருமா, சார்ஜ் ஏறுமா என்பதை வடிவம் சொல்லாது. பக்கத்தில் டி, பி என்ற எழுத்துகள் சேர்ந்த சின்னமோ மின்னல் சின்னமோ இருந்தால் படம் வரும். எந்தச் சின்னமும் இல்லாமலும் வரக்கூடும். ஆகவே லேப்டாப்பின் முழு மாடல் எண்ணை எடுத்து, தயாரிப்பாளரின் விவரத்தாளில் அந்தத் துளைக்கு எதிரே 'டிஸ்ப்ளேபோர்ட்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். அதைவிட நிச்சயமான வழி, ஆல்ட் மோடு ஹப் வைத்திருக்கும் நண்பனிடம் ஐந்து நிமிடம் கடன் வாங்கிச் செருகிப் பார்ப்பது. என் துளையில் ஆல்ட் மோடு முதலிலிருந்தே இருந்தது! 4,200 ரூபாய் கொடுத்து இல்லாத ஒரு குறைக்கு மருந்து வாங்கியிருக்கிறேன்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி "லினக்ஸில் வேலை செய்யுமா?" என்பது அல்ல. நான் அதைத்தான் கேட்டேன், "பெட்டியிலயே போட்டிருக்கு பாரு தம்பி" என்றார். போட்டிருந்தது உண்மைதான். "மானிட்டர் தெரிவதற்கு டிரைவர் போடணுமா?" என்று கேளுங்கள். "ஆமாம், சி.டி.யில இருக்கு" அல்லது "டவுன்லோடு பண்ணிக்கணும்" என்று பதில் வந்தால் அது முதல் வழி. விளையாட்டுக்கு வேண்டாம். கையில் ஏற்கெனவே டாக் இருப்பவர்கள் டெர்மினலில் 'எல்எஸ்யுஎஸ்பி' என்று அடித்துப் பாருங்கள். (கட்டளைகளை மலருக்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல்.) பட்டியலில் டிஸ்ப்ளேலிங்க் என்று வந்தால் விஷயம் விளங்கிவிடும். அதே கட்டளையோடு ஓர் இடைவெளி விட்டுச் சிறுகோடும் 'டி'யும் சேர்த்தால் மரம் மாதிரி விரித்து, எந்தத் துளை 480-ல் ஓடுகிறது, எது 5000-ல் ஓடுகிறது என்றும் காட்டும். 5000 வர வேண்டிய டாக் 480-ல் நின்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் செய்ய மட்டுமே லாயக்கான டைப்-சி கேபிள்கள் சந்தையில் ஏராளம்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில லேப்டாப்பில் டைப்-சி துளை இன்டெல் அல்லது ஏ.எம்.டி. உட்கிராஃபிக்ஸோடு இணைந்திருக்கும், எச்.டி.எம்.ஐ. துளை என்விடியா கார்டோடு இணைந்திருக்கும். அப்படியானால் என்விடியா வரைந்த படம் உட்கிராஃபிக்ஸுக்குப் பிரதியெடுக்கப்பட்டுத்தான் டைப்-சி வழியே வெளியே வரும். சிறிது வேகம் குறையும். அவர்கள் டாக்கைக் கீபோர்டு, மவுஸுக்கு வைத்துக்கொண்டு மானிட்டரை எச்.டி.எம்.ஐ.யிலேயே மாட்டுவது நல்லது. அத்துடன் அந்த லேப்டாப்களின் சார்ஜர் 150 வாட், 230 வாட் என்றிருக்கும். டாக் 60 வாட்தான் கொடுக்கும் என்றால் விளையாடும்போது லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது டாக்கைத் திட்டிப் பயனில்லை, அவர்களின் பழைய சார்ஜரும் செருகியே இருக்க வேண்டும். என் போன்ற 65 வாட் லேப்டாப்காரர்களும் கவனிக்க வேண்டியது: டாக் தனக்கென்று 10, 15 வாட் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் மேலே அனுப்பும். 65 வாட் சார்ஜரை டாக்கில் செருகினால் லேப்டாப்புக்கு 50 தான்.

படம் அல்லாத தாமதங்கள்

எல்லா லேக்கும் படத்தால் வருவதில்லை. ஹாஸ்டல் வைஃபையில் எங்கள் ரூட்டருக்கே 'பிங்' போட்டுப் பார்த்தபோது ஒருமுறை 3 மில்லி விநாடி, மறுமுறை 180 என்று குதித்தது. டாக்கின் நெட்வொர்க் துளையில் கேபிள் மாட்டியதும் ஒன்றுக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றது. ஆன்லைனில் விளையாடுபவர்களுக்கு டாக்கின் மிகப் பெரிய லாபம் என்னைக் கேட்டால் இதுதான். டாக்குகளில் அதிகம் வரும் ரியல்டெக் சிப்புக்கான டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, செருகினால் போதும்.

மவுஸ் விஷயம் இன்னும் சுவாரசியமானது. வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவரை டாக்கின் யு.எஸ்.பி. 3.0 துளையில், பென் டிரைவுக்குப் பக்கத்தில் செருகினால் மவுஸ் திக்கித் திக்கி ஓடும். பேட்டரி போய்விட்டது என்று நினைத்து நான் இரண்டு செல் வாங்கிப் போட்டேன். காரணம் அது இல்லை. யு.எஸ்.பி. 3.0 ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல், வயர்லெஸ் மவுஸ் உபயோகிக்கும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஒரு முழ நீட்டிப்பு வயர் போட்டு ரிசீவரைத் தள்ளி வைத்தால் தீர்ந்தது. நம் துறை நண்பர்களுக்குக் கம்யூனிகேஷன் பாடத்தில் 'இன்டர்ஃபியரன்ஸ்' வரும்போது இந்த உதாரணத்தை எழுதலாம்!

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. துளை, இவ்வளவுதான் உங்கள் தேவை என்றால் டாக்கே வேண்டாம். எச்.டி.எம்.ஐ. கேபிளும் ஒரு சாதாரண யு.எஸ்.பி. ஹப்பும் போதும். விளையாட்டுக்கு அதைவிடச் சிறந்த வழி கிடையாது. இதை எந்தக் கடையிலும் சொல்லமாட்டார்கள்.

எனக்கு ஹாஸ்டலுக்கும் வீட்டுக்கும் தினமும் அலைச்சல் என்பதால் ஒற்றைக் கேபிள் வேண்டியிருந்தது. விடுமுறையில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், 1,900 ரூபாய்க்கு ஆல்ட் மோடு டாக் ஒன்று வாங்கினேன். எச்.டி.எம்.ஐ., நெட்வொர்க், மூன்று யு.எஸ்.பி., சார்ஜிங். வாங்கிய அன்றே போன் வீடியோவில் எண்ணிப் பார்த்தேன். 20 படம், ஒருமுறை 21. நேரடி எச்.டி.எம்.ஐ.க்கும் இதற்கும் வித்தியாசம் காண முடியவில்லை.

அதையும் வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். "முன்ன வாங்குனதுல படத்தை மூட்டை கட்டி அனுப்பி, அங்க போய் அவுக்கணும்பா. இதுல நாடா மாதிரி நேராப் போயிடும்" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப இதுதான் விலை ஜாஸ்தியா இருக்கோணும்?" என்றார். இல்லை, இதுதான் விலை குறைவு என்றதும் சிரித்துவிட்டார்.

பழைய டாக்கைச் சங்க அலுவலகத்துக்கு 1,500 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு மானிட்டர் மாட்டித் தட்டச்சு வேலை நடக்கிறது; ஒரு குறையும் இல்லை. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த மலரின் பக்கங்களை மலர்க் குழு அமைத்ததும் அதில்தான். அம்மாவின் குழுக் கடனில் இன்னும் ஒன்பது வாரம் பாக்கி இருக்கிறது. இந்த ஆண்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.